ஞாயிற்றின் காணா ஒளி

கி. பி. 1800 ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷெல் என்னும் வானியலறிஞர், ஞாயிற்றின் வட்டத்தைத் தொலைகாட்டி வழியாக நோக்குதற்கேற்ற நிறக் கண்ணாடிகளைத் தேடிக்கொண்டிருந்தார். இசைவாணராக வாழ்க்கையைத் தொடங்கிப் பின்னர் வானியலிற் புகுந்து, 1781 இல் யுரேனசுக் கோளைக் கண்டு புகழெய்தியவர் அவர். சில கண்ணாடிகள் வழியே வெளிச்சம் குறைவாக இருப்பினும் வெப்பம் மிகுதியாகக் கண்ணைச் சுட்டது. வேறு சிலவற்றின் வழியே வெளிச்சம் மிகுதியாயிருந்தும் வெப்பம் சிறிதே தோன்றியது. எனவே ஒவ்வொரு நிறத்துக்கும் வெப்பம் ஊட்டும் ஆற்றல் வெவ்வேறாகலாம் என அவர் ஐயுற்றார். அரியம் ஒன்றினாலே ஞாயிற்றொளியை நிறமாலையாகப் பிரித்து, குமிழ் கருமையாக்கப்பட்ட வெப்பமானிகளை நிறந்தோறும் வைத்துப் பார்த்தார். ஊதாவிற் குறைவு, பச்சையில் அதனிலும் மிகுதி, சிவப்பில் மேலும் மிகுதி. பின்னர் வெப்பமானியைச் சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்கு ஒன்றுந் தோன்றாத இடத்தில் வைத்தார். இரசம் அங்கேதான் அதிகம் ஏறியது.

நிறமில்லா இடத்தில் ஒளி இருக்கின்றது என்னும் இவ்வுண்மையே செந்நிறக்கீழ்க் கதிரின் பிறப்புச் செய்தி. இன்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இதனை ஒரு பிற்பகலிலே செய்து பார்த்துவிடலாம். ஆயினும் அக்கதிரைப் பிடித்து மின்சத்தியாக மாற்றுதல் எங்ஙனம் என்னும் வினாவுக்கு விஞ்ஞானிகள் இன்றும் முழு விடை கண்டாரில்லை. கண்ட பகுதி எவ்வளவு, காணாத பகுதி எவ்வளவு, ஒருபோதும் காணமுடியாத பகுதி எது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மூன்றாவது வினாவைப் பலர் கேட்பதில்லை. அதனாலேயே வீட்டுக் கூரைக்குத் தகடு வாங்கப் புறப்படுவோர் பலர், விற்போர் சொல்வதில் எதனை நம்புவது, எதனை விடுவது என்று தெரியாது மயங்குகின்றனர்.

முதலிற் சில அளவுகளை மனத்திற் பதித்துக்கொள்வோம். வளிமண்டலத்துக்கு வெளியே, கதிருக்குச் செங்குத்தாக வைத்த ஒரு சதுர மீற்றர் பரப்பில் விழும் ஞாயிற்று வலு ஏறத்தாழ 1361 வாற்று. முகிலற்ற நண்பகலில் நிலத்தை வந்தடைவது ஏறத்தாழ 1000 வாற்று. அதில் அரைப்பங்களவு கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிராகும். ஊதாகடந்த கதிர் மிகச் சிறிது. எஞ்சியதே நாம் காணும் வெளிச்சம். ஆகவே பட்டப்பகலில் நம்மைச் சூழ்ந்து நிற்கும் ஞாயிற்றுச் செல்வத்தில் பாதியை நாம் கண்ணாற் காண்பதில்லை.

ஒளியிலிருந்து மின் பிறக்கும் என்பதை முதலில் உணர்ந்தவர் எட்மண்ட் பெக்கரல். 1839 இல், தமது பத்தொன்பதாம் வயதில், திரவத்தில் அமிழ்த்திய உலோகத் தகடுகளின்மீது ஒளி படும்போது மின்னோட்டம் எழுதலை அவர் கண்டார். 1883 இல் நியூயோர்க்கைச் சேர்ந்த சார்ள்ஸ் பிரிற்ஸ், செலீனியப் படலத்தின்மேல் ஒளி ஊடுருவுமளவு மெல்லிய பொற்றகட்டைப் பூசி முதல் திண்மக் கலத்தை ஆக்கினார். அதன் வினைத்திறன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. அக்காலத்தில் அதன் காரணத்தை விளக்க எவராலும் இயலவில்லை. 1905 இல் அயின்ஸ்ரைன், ஒளி தனித்தனிச் சத்திச் சொட்டுக்களாக வந்து இலத்திரன்களைத் தாக்குகின்றது என்று காட்டிய பின்னரே வழி துலங்கியது.

இன்றைய கூரைத் தகட்டின் நேர் மூதாதை 1954 ஏப்பிரல் 25 ஆம் நாள் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் உலகுக்குக் காட்டிய சிலிக்கன் கலமாகும். சப்பின், புல்லர், பியர்சன் என்னும் மூவர் அதனை ஆக்கினர். அதன் வினைத்திறன் 6 சதவீதம். சப்பினை இம்முயற்சியில் இறக்கிய காரணம் நமக்குச் சுவையானது. வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் ஒதுக்குப்புறத் தொலைபேசிப் பொறிகளுக்கு வைத்த உலர்மின்கலங்கள் விரைவிற் பழுதாகிவிட்டன; அவற்றுக்கு மாற்றுத் தேடவே அவரைப் பணித்தனர். நம்முடையவை போன்ற நாடுகளின் புழுக்கமே இக்கலத்தின் பிறப்புக்கு ஒரு காரணமாயிற்று எனலாம். 1958 மார்ச்சு 17 இல் விண்ணேறிய வான்காட் 1 என்னும் சிறு செயற்கைக்கோளில் வைத்த மின்கலம் சில கிழமைகளில் ஓய்ந்தது. சிலிக்கன் கலங்களோ 1964 வரை அதன் வானொலியை ஒலிக்கச் செய்தன. அக்கோள் பேச்சிழந்தும் இன்றும் பூமியைச் சுற்றி வருகின்றது.

இனிக் கலம் தொழிற்படும் முறைக்கு வருவோம். சிலிக்கன் போன்ற குறைகடத்தியில் இலத்திரன்கள் தத்தம் அணுக்களோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. அப்பிணைப்பினின்று ஓர் இலத்திரனை விடுவிக்கக் குறித்த அளவு சத்தி வேண்டும். அதனைப் பட்டை இடைவெளி என்பர். சிலிக்கனுக்கு அது 1.12 இலத்திரன்வோற்று. ஒளிச் சொட்டொன்றின் சத்தியை அறிய, 1240 என்னும் எண்ணை நனோமீற்றரிலான அலைநீளத்தால் வகுத்தால் போதும். விடை இலத்திரன்வோற்றில் வரும். 1100 நனோமீற்றர் அலைநீளமுடைய கதிரின் சொட்டு 1.13 இலத்திரன்வோற்றுக் கொண்டது. அதுவே சிலிக்கனின் வாயிற்படி. அதனிலும் நீண்ட அலை எத்துணை மிகுதியாக வந்து விழுந்தாலும் படியேறாது. மாங்காய்க்கு ஒரு கல் எட்டாவிடின், அதே விசையில் எறியும் நூறு கற்களும் எட்டா அன்றோ!

படிக்கு மேற்பட்ட சத்தியுடைய சொட்டு என்னாகும்? 450 நனோமீற்றர் நீல ஒளியின் சொட்டு 2.76 இலத்திரன்வோற்றுக் கொணர்கின்றது. கலம் அதிற் பயன்கொள்வது 1.12 அளவே. எஞ்சிய 1.64 நொடியின் நுண்ணிய கூறொன்றிற்குள் வெப்பமாகச் சிதறிவிடும். இவ்வாறு ஒரே கலம் இருவகையில் இழக்கின்றது: எளிய சொட்டை ஏற்பதில்லை, செல்வச் சொட்டின் மிகுதியைப் பேணுவதில்லை. சிலிக்கனில் முதல்வகை இழப்பு ஞாயிற்றுச் சத்தியின் ஐந்திலொரு பங்களவு; இரண்டாம்வகை ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களையவேண்டும். “கூரைத் தகடுகள் கட்புலனாகும் ஒளியை மட்டுமே உண்கின்றன, செந்நிறக்கீழ்க் கதிர் முழுவதும் வீணாகின்றது” என்று எழுதுவோர் பலர். அது சரியன்று. சிவப்பின் எல்லையாகிய 700 நனோமீற்றரிலிருந்து 1100 வரையுள்ள செந்நிறக்கீழ்க் கதிரைச் சிலிக்கன் நன்றாகவே உண்ணும். இதை அறிய ஆய்வுகூடமும் வேண்டியதில்லை. தொலைக்காட்சியைத் தூரத்திலிருந்து இயக்கும் கைக்கருவியின் முனையைக் கைத்தொலைபேசியின் படக்கருவிக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துக. வெறுங்கண்ணுக்குத் தோன்றாத ஒளிப்பொட்டு, பல தொலைபேசிகளின் திரையில் மினுங்குவதைக் காணலாம். படக்கருவியின் உள்ளே இருப்பதும் சிலிக்கனே. சில தொலைபேசிகளில் அக்கதிரை மறைக்கும் வடி உள்ளது. அப்போது முகப்பக்கத்துப் படக்கருவியை முயன்று பார்க்கலாம்.

1961 இல் சொக்லி, குவைசர் என்னும் இருவர் இவ்விழப்புக்களை எல்லாம் முறையாகக் கணக்கிட்டு, ஒற்றைச் சந்தியுடைய கலம் எதுவும் நூற்றுக்கு முப்பதளவைப் பெரிதும் தாண்டவியலாது என்று நிறுவினர். இக்காலத் திருத்தமான கணக்கில் அவ்வெல்லை ஏறத்தாழ 33.7 சதவீதம். சிலிக்கனுக்கு அதன் உள்ளியல்பு காரணமாக 29.4 என்பர். ஆய்வுகூடச் சிலிக்கன் கலம் இப்போது 27 சதவீதத்தைச் சற்றுக் கடந்து நிற்கின்றது. கடையில் வாங்கும் தகடு 20 முதல் 23 வரை. எழுபது ஆண்டு உழைப்பில் ஆறிலிருந்து இருபத்தேழுக்கு ஏறிய ஏணியில் இன்னும் இரண்டு படிகளே உள. ஆதலின் அறிஞர் வேறு ஏணி தேடுகின்றனர்.

முதல் ஏணி, கலத்தின்மேல் கலம் அடுக்குதல். பட்டை இடைவெளி பெரிதான கலத்தை மேலே வைத்தால் அது நீலம், பச்சை முதலிய செல்வச் சொட்டுக்களைத் தன் அளவுக்கு உண்டு, எஞ்சியவற்றைக் கீழே விடும். கீழ்க்கலம் சிவப்பையும் செந்நிறக்கீழையும் உண்ணும். பந்தியில் தலைவாழை இலைக்கு ஒரு சுவை, இறுதி இலைக்கு ஒரு சுவை எனப் பிரித்துப் பரிமாறுதல் போன்றது இது. ஜேர்மனியின் பிறைபேர்க்கு நகரத்துப் பிரவுன்கோபர் நிறுவகம் 2022 இல் நான்கு சந்திகள் கொண்ட கலம் ஒன்றில் 47.6 சதவீதம் பெற்றது. ஆனால் அது 665 ஞாயிறுகளுக்கு ஈடாக வில்லைகளாற் குவித்த ஒளியில் பெற்ற பேறு. அக்கலங்களின் விலையோ செயற்கைக்கோள்களுக்கே தகும்.

மக்கள் கூரைக்கு ஏறக்கூடியதாக இப்போது பேசப்படுவது சிலிக்கன்மேற் பெரொவ்ஸ்கைற்றுப் படலம் பூசிய இரட்டைக் கலம். பெரொவ்ஸ்கைற்று என்பது 1839 இல் யூரல் மலையிற் கண்டெடுத்த ஒரு கனியத்தின் பெயர். பெக்கரல் ஒளிமின் விளைவைக் கண்ட அதே ஆண்டு! இரண்டும் ஒன்றையொன்று அறிய நூற்றெழுபது ஆண்டு சென்றது. கலத்தில் வைப்பது அக்கனியம் அன்று; அதன் பளிங்கமைப்பை ஒத்த செயற்கைச் சேர்வையாகும். 2009 இல் யப்பானில் மியசாக்கா குழுவினர் 3.8 சதவீதத்தோடு தொடங்கினர். 2024 இல் இரட்டைக் கலம் 34 சதவீதத்தைக் கடந்து ஒற்றைச் சந்தியின் எல்லையையே தாண்டிவிட்டது. எனினும் இப்படலம் ஈரத்தையும் வெப்பத்தையும் நன்கு தாங்குவதில்லை. ஈயமும் அதனுள் உண்டு. வடகீழ்ப்பருவ மழையிலும் சித்திரை வெயிலிலும் இருபத்தைந்து ஆண்டு நிற்கும் என்று எவரும் நிறுவிக் காட்டுமுன், அதனை வாங்குதற்கு நாம் முந்தவேண்டிய அவசியம் இல்லை என்பதே எமது கருத்து.

வெப்பத்தைப் பற்றிப் பேசுங்கால் இன்னொன்று. கலம் உண்ணாத கதிரின் ஒரு பகுதி தகட்டைச் சூடேற்றுகின்றது. ஒவ்வொரு பாகை ஏற்றத்துக்கும் சிலிக்கன் தகட்டின் விளைவு 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். ஆய்வுகூட அளவு 25 பாகையில் எடுக்கப்படுவது. நம் ஓட்டுக் கூரைமேல் நண்பகலில் தகடு 65 பாகைக்கு ஏறினால், விற்பவர் சொன்ன அளவிலிருந்து 12 முதல் 16 சதவீதம் குறையும். தகட்டுக்கும் ஓட்டுக்குமிடையே காற்றுப் புக ஒரு சாண் இடைவெளி விடுதல் சிறந்த முதலீடாகும்.

இனி, முன்னே குறித்த மூன்றாவது வினா. நம்மைச் சூழவுள்ள சுவர், நிலம், மரம், மனித உடல் யாவும் இடையறாது செந்நிறக்கீழ்க் கதிரை வீசிக்கொண்டிருக்கின்றன. 27 பாகை, அதாவது 300 கெல்வின் வெப்பநிலையிலுள்ள கரும்பொருள் ஒவ்வொரு சதுர மீற்றரிலிருந்தும் ஏறத்தாழ 460 வாற்று வீசுகின்றது. இரவிலும் வீசுகின்றது, அறைக்குள்ளும் வீசுகின்றது. பகலிற் சராசரியாகக் கிடைக்கும் ஞாயிற்று வலுவுக்கு இது குறைந்ததன்று. “இதனைப் பிடிக்கும் தகட்டைச் செய்தால் இரவு பகல் என்னாது, வீட்டினுள்ளேயே மின்சாரம் பெறலாமே” என்று யாருக்கும் தோன்றும். அவ்வாறு தகடு வரப்போகின்றது என்ற செய்தியும் சில ஆண்டுகளுக்கொருமுறை வெளிவரும்.

அது வராது. காரணம் பொறியியலாளரின் திறமைக் குறைவன்று. வெப்பவியக்கவிசையியலின் இரண்டாம் விதி. சுவர் தகட்டின்மேல் 460 வாற்று வீசும்போது, அதே வெப்பநிலையிலுள்ள தகடும் சுவரின்மேல் 460 வாற்று வீசுகின்றது. வரவும் செலவும் ஒன்று. இரணைமடுக் குளத்தில் எவ்வளவு நீர் நிறைந்திருப்பினும், அணைக்கட்டின் இருபுறமும் நீர்மட்டம் ஒன்றாயின் துருசைத் திறந்து பயன் என்ன? சில்லு சுழல நீர் இருந்தாற் போதாது; மட்ட வேறுபாடு வேண்டும். வெப்பத்துக்கு அம்மட்டமே வெப்பநிலை. சாடி கார்னோ 1824 இலேயே இதனைக் கூறினார். ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5800 கெல்வின், நம் கூரை 300 கெல்வின். இவ்விரண்டுக்குமிடையே கார்னோ எல்லை 95 சதவீதம். 300 கெல்வின் நிலத்துக்கும் 270 கெல்வின் வானுக்குமிடையே அவ்வெல்லை 10 சதவீதம். 300 க்கும் 300 க்குமிடையே அது சுழியம். மாணவர்கள் இந்த மூன்று எண்களை மனத்திற் கொள்வாராயின், சத்தி பற்றிய பல விளம்பரங்களைத் தாமே நிறுத்துப் பார்க்கலாம்.

இவ்விடத்தில் நுண் அன்ரனாக்களின் கதையைச் சொல்லவேண்டும். ஒளியும் வானொலி அலையும் ஒரே இனம். வேறுபாடு மீடிறனில் மட்டுமே. வானொலியலையை அன்ரனாவாற் பிடித்து, இருவாயியாற் சீராக்கி, ஆடலோட்டத்தை நேரோட்டமாக்குதல் பழகிய தொழில். வில்லியம் பிறவுண் என்னும் அமெரிக்கர் 1964 இல் நுண்ணலைக் கற்றையால் வலுவூட்டிச் சிறு ஹெலிகொப்ரர் ஒன்றைப் பறக்கவைத்தார். 1975 இல் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்ரோனில் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பால் 30 கிலோவாற்றுக்கு மேற்பட்ட வலுவை இம்முறையால் அனுப்பினர். இதனை ஒளிக்கும் செய்யலாமே என்று 1972 இல் றொபேட் பெயிலி எழுதினார். பட்டை இடைவெளி என்னும் வாயிற்படி இதிற் குறுக்கே நில்லாது என்பதே இதன் கவர்ச்சி.

அன்ரனா ஆக்குதல் இப்போது கடினமன்று. 10 மைக்குரோமீற்றர் அலைக்கு 5 மைக்குரோமீற்றர் நீளமான உலோகக் கோடு போதும்; இடாகோ தேசிய ஆய்வுகூடத்தார் 2008 இல் மெல்லிய நெகிழ்பொருட் தாளின்மேல் இத்தகைய வளையங்களை இலட்சக்கணக்கில் அச்சிட்டனர். அவை தம்மேல் விழுந்த செந்நிறக்கீழ்க் கதிரிற் பெரும்பகுதியை உறிஞ்சின. உடனே, பெரும்பகுதியை மின்சாரமாக்கும் தகடு வந்துவிட்டது என்று செய்தி பரவியது. உறிஞ்சுதல் வேறு, மின்னாக்குதல் வேறு. கருமை பூசிய தகரமும் நன்றாகவே உறிஞ்சும்! இடர்ப்பாடு முழுவதும் இருவாயியிலே இருக்கின்றது. 10 மைக்குரோமீற்றர் அலை நொடிக்கு முப்பது இலட்சங் கோடி முறை அலைகின்றது. அத்துணை விரைவிற் கதவைத் திறந்து மூடும் இருவாயி, அதிலும் அன்ரனா கொணரும் மிகச் சிறிய வோற்றளவுக்கு இசைந்து திறக்கும் இருவாயி, எளிதில் அமைவதன்று. ஜோர்ஜியா தொழினுட்ப நிறுவகத்துக் கோலா குழுவினர் 2015 இல் காபன் நுண்குழாய்களின் நுனியில் இத்தகைய இருவாயிகளை அமைத்துக் கட்புலனொளியைச் சீராக்கிக் காட்டினர். அரிய செயலே, எனினும் அதன் வினைத்திறன் ஒரு சதவீதத்தின் மிகச் சிறு பின்னமே. மேலும் இருவாயியும் அறையும் ஒரே வெப்பநிலையில் இருந்தால், இருவாயியின் சொந்த வெப்பச் சலனம் வந்ததனைத்தையும் அழித்துவிடும். பிரிலுவன் என்னும் அறிஞர் இதனை 1950 இலேயே விளக்கிவிட்டார். குளத்து மட்டத்தின் கதை இங்கும் அதுவே.

மட்ட வேறுபாடு உள்ள இடங்கள் இரண்டு. நம்மிலும் மிகச் சூடான பொருள் ஒன்று; நம்மிலும் மிகக் குளிர்ந்த பொருள் மற்றொன்று.

சூடான பொருளின் கதையே இன்று மிகுந்த நம்பிக்கை தருவது. 2400 பாகைக்குச் சூடேற்றிய பொருள் வெண்மையாக ஒளிர்ந்தாலும், அதன் கதிர்வீச்சின் உச்சம் 1.1 மைக்குரோமீற்றர் அளவில், செந்நிறக்கீழிலே உள்ளது. அதன் முன்னே தக்க பட்டை இடைவெளியுடைய கலத்தை வைத்தால், ஞாயிற்றுக்கு ஈடாக அது தொழிற்படும். இதனை வெப்பவொளிமின் முறை என்பர். ஞாயிற்றொளியில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. கலத்தின் பின்னே பொற்கண்ணாடி வைத்தால், கலம் ஏற்காத நீண்டவலைச் சொட்டுக்கள் திரும்பிச் சென்று சூடான பொருளையே மீண்டும் சூடேற்றும். படியேறாதவன் வீணாகாமல் வீட்டுக்கே திரும்புகின்றான். வலுப்பெற்று மறுமுறை வருகின்றான். ஞாயிற்றுக்கு எதனையும் திருப்பி அனுப்பிச் சத்தியை மீட்க நம்மால் இயலாது. ஓர் அடி தொலைவிலுள்ள அடுப்புக்கு இயலும்.

மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தாரும் அமெரிக்கத் தேசியப் புத்தாக்கச் சத்தி ஆய்வுகூடத்தாரும் 2022 இல் இம்முறையில் 41.1 சதவீதம் பெற்றனர். ஒரு சதுர சதமமீற்றர்க் கலத்துக்கு 2.39 வாற்று, கூரைத் தகட்டின் விளைவோடு ஒப்பிடின் நூறு மடங்குக்கு மேல். நீராவிச் சில்லுகளின் வினைத்திறனை ஒத்த இப்பேறு, அசையும் உறுப்பு ஒன்றுமின்றிப் பெறப்பட்டது. சோதித்த கலம் விரல்நகம் அளவினது என்பதையும் மறத்தலாகாது.

இதன் பயன் யாது? பகலில் மிகும் ஞாயிற்று மின்னால் பென்சிற்கரிக் கட்டிகளை 2000 பாகைக்கு மேற் சூடேற்றி, வெப்பம் புறம்போகாது மூடிவைத்து, இரவில் அவற்றின் ஒளிர்வைக் கலங்களுக்குக் காட்டி மின் பெறுதல். போகலையிலும் ககட்டககவிலும் நாம் வெட்டியெடுக்கும் அதே கனிய இனமே பென்சிற்கரி. 3600 பாகை வரை சூடேற்றினும் உருகாதது. மின்சேமக் கலத்திலும் மலிவாகச் சத்தியைச் சேமிக்கலாம் என்பது இம்முயற்சியாளரின் எதிர்பார்ப்பு. சேமிப்பின் தேவையை நம் நாட்டவர்க்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தொழிற்சாலைகள் மூடியிருக்க வெயில் மட்டும் குறையாதிருந்தமையால், கூரைத் தகடு வைத்திருப்போரைப் பகலில் அவற்றை நிறுத்திவைக்கும்படி இலங்கை மின்சார சபை வேண்டிக்கொண்டது. நண்பகலில் மின்னை வேண்டாமென்று நிறுத்திய அதே நாடு, பொழுது பட்டதும் நிலக்கரியும் எண்ணெயும் எரித்தது. 1990களில் குடாநாடு ஆண்டுக்கணக்காக மின்னின்றிக் கிடக்க, ஜாம் போத்தலில் திரியிட்டு, மண்ணெண்ணெயைத் துளி துளியாக அளந்து, பரீட்சைக்குப் படித்த பழைய மாணவர் பலர் இம்மலரை வாசிப்பர். பகல் வெயில் அன்றும் குறைவின்றிக் காய்ந்தது. அதனை இரவுக்கு எடுத்துச் செல்லும் வழிதான் இல்லாதிருந்தது.

இனிக் குளிர்ந்த பொருளுக்கு வருவோம். பேரண்டத்தின் ஆழ்வெளி 3 கெல்வின் அளவே வெப்பமுடையது. நமக்கும் அதற்குமிடையே வளிமண்டலம் போர்வையாக நிற்கின்றது. ஆயினும் 8 முதல் 13 மைக்குரோமீற்றர் வரையுள்ள அலைகளுக்கு அப்போர்வையில் ஒரு சாளரம் திறந்துள்ளது. 300 கெல்வின் பொருள் மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் 9.7 மைக்குரோமீற்றர், அச்சாளரத்துக்கு நேரே அமைந்துவிட்டது. எனவே தெளிந்த இரவில் நிலம் தன் வெப்பத்தை விண்ணுக்கு இழந்து, சூழவுள்ள காற்றினும் குளிர்கின்றது. வடஇந்தியாவில் ஆழமற்ற மட்பாண்டங்களில் நீரை வைக்கோல்மேற் பரப்பி, காற்று உறைநிலைக்கு இறங்காத இரவுகளிலும் பனிக்கட்டி ஆக்கி வந்தனர். 1775 இல் றொபேட் பார்க்கர் அதனை இலண்டன் அரச கழகத்துக்கு எழுதினார்.

இதே சாளரத்தைப் பயன்கொண்டு, 2014 இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்து இராமன், வான் முதலியோர் ஏழு படலங்கள் கொண்ட ஆடி ஒன்றை ஆக்கினர். ஞாயிற்றொளியில் 97 சதவீதத்தை அது தெறித்துவிட்டுத் தன் வெப்பத்தை மட்டும் விண்ணுக்கு வீசியது. நேர்வெயிலில் வைத்தும் காற்றினும் ஏறத்தாழ 5 பாகை குளிர்ந்து நின்றது. இது மின்னாக்கம் அன்று. ஆனால் குளிரூட்டிக்குச் செலவாகும் மின்னை மீதப்படுத்தும் என்பதால் அதனினும் பயனுடையதாகலாம். இரவு வானிலிருந்து மின்னே ஆக்கவும் முயன்றனர். இராமன் 2019 இல் வான்நோக்கிய குளிர்தகட்டோடு வெப்பமின் இணைகளைப் பொருத்திச் சிறு விளக்கொன்றை எரித்தார். சதுர மீற்றருக்கு 25 மில்லிவாற்று. 2022 இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார், ஒளியை உண்டு மின் தரும் இருவாயியை எதிர்முகமாக இயக்கி, செந்நிறக்கீழ்க் கதிரை உமிழ்ந்து மின் தரச் செய்தனர். பெற்றது கூரைத் தகட்டின் விளைவில் இலட்சத்திலொரு பங்கு. விதிக்கு இணங்கிய வழி என்பதால் இது வளரக்கூடும். ஆனால் ஊரை விளக்கேற்றும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

நம் நாட்டுக்கு இதில் ஒரு தடை உண்டு. நீராவி அச்சாளரத்தை மூடும். கொழும்பின் புழுக்கத்தில் அது எப்போதும் பாதி சாத்தியே கிடக்கின்றது. வடக்கே மழை ஓய்ந்த தை, மாசி இரவுகளில் ஓரளவு திறக்கின்றது. தைப் பனி தரையைத் துளைக்கும் என்று நம் முன்னோர் சொன்னது அச்சாளரம் திறந்ததன் விளைவையே.

பனி பெய்வது வானிலிருந்து அன்று, குளிர்ந்த தரையின்மேற் காற்றின் ஈரமே படிகின்றது என்பதை 1814 இல் உவெல்சு என்னும் மருத்துவர் கம்பளித் துணுக்குகளைக் கொண்டு காட்டினார். நம் மாணவர் அதனைப் பஞ்சாற் செய்யலாம். சம நிறையான இரு பஞ்சுத் துண்டுகளை எடுத்து, முகிலும் காற்றுமற்ற தை மாத இரவொன்றில், ஒன்றை வெட்டவெளியில் வைக்கோற் பரப்பின்மீதும், மற்றதைப் பத்தடி தள்ளி அதே வைக்கோல்மீது, ஆனால் நான்கு தடிகளில் தாங்கிய கிடுகொன்றின் கீழும் வைக்க. கிடுகின் பக்கங்கள் திறந்தே இருக்கவேண்டும். காற்று இரண்டுக்கும் ஒன்றாதல் வேண்டும். பக்கத்தில் ஒவ்வொரு வெப்பமானியும் கிடத்துக. ஞாயிறு எழுமுன் வெப்பமானிகளை வாசித்து, பஞ்சுகளை இரசாயன ஆய்வுகூடத் தராசில் நிறுக்க. மறுநாள் வானில் முகில் திரண்டிருந்தால் அன்றும் அவ்வாறே செய்து, இரு நாள் எண்களையும் அருகருகே எழுதி வைக்க.